டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது

நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த 14 வருடத்தில் நான் அதிக தடவை எழுதிய வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை. "டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது." பி.பி. இறங்கினால் அதை எழுதுவேன். ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் குறைந்தால் எழுதுவேன். நோயாளி டிரிப்பைப் பிடுங்கி எறிந்தாலும் அதேதான். பக்கத்தில் நேரத்தைப் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டால் என் கடமை முடிந்தது.

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். யார் தெரிவித்தார் என்று இதில் இல்லை. என்ன தெரிவித்தார் என்றும் இல்லை. தெரிவித்தவர் மனதில் என்ன ஓடியது என்பதற்கு இடமே இல்லை. நாளைக்கு ஏதாவது ஆகி விசாரணை என்று வந்தால் "நான்தான் சொல்லிட்டேனே" என்று காட்டுவதற்கான சீட்டு அது. பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைக்க வேண்டாம். முதல் வருடத்திலிருந்தே எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். பார், எழுது, சொல், சொன்னதை எழுது.

37 வயதில் முதுநிலைப் படிப்புக்குச் சேர்ந்தேன். உயர்நிலை மருத்துவச் செயல்பாட்டில் சிறப்புப் பயிற்சி பெறும் நர்ஸ்களுக்கான படிப்பு. சேரும்போது, புதிதாக நிறைய விஷயம் சொல்லித் தருவார்கள் என்றுதான் நினைத்தேன். தந்தார்கள், மூச்சு முட்ட முட்டத் தந்தார்கள். ஆனால் இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது, அந்தப் படிப்பு என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. அந்த வாக்கியம் இப்போது என் கைக்கு வருவதில்லை.

இந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "நர்சிங்கில் எம்.எஸ்சி. முடிச்சா டீச்சிங்குக்குத்தானே போவீங்க?" அப்படி ஒரு பாதை இருக்கிறது, அதில் போனவர்கள்தான் எனக்கும் பாடம் எடுத்தார்கள். இது வேறு வகை. படித்து முடித்த பிறகும் நோயாளியின் கட்டிலருகேதான் நிற்க வேண்டும். நோயாளியின் கதையை முழுதாகக் கேட்டு, உடலைப் பரிசோதித்து, என்னவாக இருக்கலாம் என்று ஒரு முடிவுக்கு வந்து, என்ன பரிசோதனை தேவை என்று தீர்மானித்து, சட்டம் இடம் கொடுக்கும் இடங்களில் மருந்தும் எழுத வேண்டும். பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். சர்வதேச நர்ஸ்கள் கவுன்சில் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி, கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட், நர்ஸ் பிராக்டிஷனர் என்று இரண்டு பாத்திரங்களைப் பிரித்து விளக்கி, இந்த நிலைக்குக் குறைந்தபட்சம் முதுநிலைப் பட்டம் வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் மயக்க மருந்து நர்ஸ்களும் நர்ஸ்-மருத்துவச்சிகளும் சேர்ந்து நான்கு பாத்திரங்கள். இங்கிலாந்தில் 2017-ல் வந்த சட்டகம் நர்ஸ்களோடு பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர், பாராமெடிக் எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது. மருத்துவச் செயல்பாடு, தலைமை, கல்வி, ஆய்வு என நான்கு தூண்கள் அதற்கு. இந்தியாவில் இந்திய நர்சிங் கவுன்சில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்றே ரெசிடென்சி பாணியில் இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை வகுத்திருக்கிறது. அதிலும் பெரும்பகுதி நேரம் வார்டில்தான்.

"இதெல்லாம் புதுசா கிளம்பியிருக்கு" என்று சீனியர் ஒருவர் சலித்துக்கொண்டார். புதுசு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மேயோ சகோதரர்கள் என்ற அறுவை மருத்துவர்களின் அரங்கில் மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், தான் பார்த்த 14,000-க்கும் மேற்பட்ட மயக்க மருந்துக் கேஸ்களைப் பற்றி 1906-ல் கட்டுரை எழுதினார். மயக்க மருந்தால் ஒரு சாவுகூட இல்லை. 1954-ல் ஹில்டெகார்ட் பெப்லாவ், மனநல நர்சிங்கில் கிளினிக்கல் ஸ்பெஷலிஸ்ட்களுக்கென்று அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கினார். 1965-ல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியை ஆரம்பித்தார்கள். ஃபோர்டு பொதுச் சுகாதார நர்ஸாக இருந்தவர். மருத்துவர் இல்லாத இடங்களில் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது அந்தப் பயிற்சி. அவர் 104 வயது வரை வாழ்ந்து, 2025 ஜனவரியில்தான் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் டியூட்டியில் இருந்தேன். வழக்கத்தைவிட ஒரு பி.பி.யை நிதானமாகப் பார்த்த ஞாபகம்.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

மூன்று பாடங்கள்தான் இதன் முதுகெலும்பு. நோய் உடலுக்குள் எப்படி வேலை செய்கிறது, மருந்து எப்படி வேலை செய்கிறது, உடலை எப்படிப் பரிசோதிப்பது. முதல் இரண்டும் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் வேலை. டியூட்டி முடிந்து வந்து, கண் எரிய எரிய, சிறுநீரகத்து நெஃப்ரானின் எந்த வளைவில் எந்த மருந்து உட்காருகிறது என்று படம் போட்டுப் படிப்பது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. படிக்கத்தான் வேண்டும், வேறு வழி கிடையாது.

மூன்றாவதுதான் என்னை ஆட்டிவைத்தது. 14 வருடமாக ஆயிரக்கணக்கான உடல்களைத் தொட்டவள் நான். குளிப்பாட்டியிருக்கிறேன், புரட்டிப் படுக்க வைத்திருக்கிறேன், புண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். அந்தக் கைக்குப் பரிசோதிக்கத் தெரியவில்லை என்று முதல் வகுப்பிலேயே தெரிந்துபோனது.

தட்டிப் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கையின் நடுவிரலை உடலில் அழுத்தமாகப் பதித்து, வலது கை நடுவிரலின் நுனியால் அதன் மேல் மூட்டுக்குப் பக்கத்தில் தட்ட வேண்டும். அசைய வேண்டியது மணிக்கட்டு. நான் முழங்கையை ஆட்டினேன். சத்தமே வரவில்லை, விரல்தான் வலித்தது. நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அலமாரிக் கதவைத் தட்டினேன், சுவரைத் தட்டினேன், டி.வி. பார்க்கும்போது என் தொடையைத் தட்டினேன். தண்ணீர் கேனைத் தட்டித் தட்டி எதுவரை தண்ணீர் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழகினேன். அப்புறம்தான் தெரிந்தது, இந்தக் கலை பிறந்ததே அப்படித்தான் என்று. லியோபோல்ட் ஆவன்பிரக்கர் என்ற ஆஸ்திரிய மருத்துவரின் அப்பா கிராஸ் நகரில் விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு ஒயின் இருக்கிறது என்று பார்ப்பதைச் சின்ன வயதில் கவனித்த பையன்தான் பின்னாளில் நெஞ்சைத் தட்டிப் பார்த்தான் என்று சொல்வார்கள். 1761-ல் அதைப் புத்தகமாக எழுதினார். யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. 1808-ல் கோர்விசார் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

வயிற்றுக்கு மட்டும் வரிசை வேறு. நெஞ்சில் பார்த்து, தொட்டு, தட்டி, கடைசியில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கலாம். வயிற்றில் பார்த்ததும் கேட்டுவிட வேண்டும். முதலில் அழுத்தினால் குடலின் சத்தம் மாறிவிடும். தேர்வில் இந்த வரிசையை மாற்றிச் செய்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவர்களில் நானும் ஒருத்தி.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்தத் தட்டல்தான் ஒரு இரவு எனக்குக் கைகொடுத்தது.

முதல் வருடத்தின் கடைசி. வார்டில் 78 வயதுப் பெரியவர் ஒருவர். நுரையீரல் தொற்றுக்குச் சேர்ந்து, தேறிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளுக்கு முன்பு அக்கி வந்து போய், அதன் எரிச்சல் மட்டும் விலாவில் நின்றுவிட்டது. தூங்க முடியவில்லை என்று, மூன்று நாளாக இரவில் அமிட்ரிப்டிலின் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு ஒரு மணிக்கு மேல் அவர் கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார், டிரிப்பை இழுக்கிறார், யாரையோ பெயர் சொல்லித் திட்டுகிறார். கூட இருந்த மகள் அழுகிற நிலைமை. "அப்பா இப்படிப் பேசுற ஆளே இல்ல சிஸ்டர். சாயங்காலம்கூட என்கிட்ட நல்லாத்தான் பேசிட்டு இருந்தாரு."

பழைய நான் என்றால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். போன் போட்டு, "பேஷன்ட் ரொம்ப வயலன்ட்டா இருக்காரு சார்" என்பேன். தூக்கத்துக்கு ஒரு ஊசி எழுதித் தருவார்கள். போட்டுவிட்டு, கட்டிலின் இரு பக்கமும் கம்பியை ஏற்றிவிட்டு, நோட்ஸில் எழுதுவேன். என்ன எழுதுவேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று முதலில் சர்க்கரை பார்த்தேன், சரியாக இருந்தது. சாச்சுரேஷன், காய்ச்சல், பி.பி. எதிலும் பெரிய கோளாறு இல்லை. "அய்யா, கிழமையெல்லாம் பின்னாலேருந்து சொல்லுங்க, ஞாயிறு, சனி..." என்று ஆரம்பித்துக் கொடுத்தேன். "வெள்ளி" என்றார், பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கவனம் நிற்கவில்லை. இது மறதி நோய் கிடையாது, டெலிரியம் என்கிற மனக்குழப்பம். திடீரென்று வந்திருக்கிறது, அப்படியென்றால் புதிதாக ஏதோ ஒன்று அதைத் தூண்டியிருக்கிறது.

போர்வையை விலக்கினேன். கீழே விரித்திருந்த துணி லேசாக நனைந்திருந்தது. சார்ட்டில் "சிறுநீர் கழித்தார்" என்று இரண்டு தடவை குறித்திருந்தார்கள், அளவு எதுவும் இல்லை. தொப்புளுக்குக் கீழே வயிறு கொஞ்சம் மேடாகத் தெரிந்தது. விரலை வைத்து மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தேன். தொப்புளுக்கு மேலே டம் டம் என்றிருந்த சத்தம், தொப்புளைத் தாண்டி இரண்டு விரல் கீழே வந்ததும் சட்டென்று கட்டையைத் தட்டுவதுபோல் ஆனது. என் வீட்டுத் தண்ணீர் கேனின் அதே சத்தம். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நனைந்த துணியைத்தான் "கழித்தார்" என்று எழுதியிருக்கிறார்கள்.

மேற்பார்வை மருத்துவரை அழைத்தேன். நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் கோரிக்கை என்ற வரிசையில் சொன்னேன். எஸ்பார் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கி, பிறகு மருத்துவமனைக்கு வந்த முறை. கேட்டுக்கொண்டார். "சரி சிஸ்டர், என்ன செய்யப் போறீங்க?"

"நீங்க சொன்னா கதீட்டர் போட்டுடறேன் டாக்டர்."

"நான் உங்களைத்தான் கேட்டேன்."

அந்த இடைவெளி நீண்டது. அவர் போனை வைத்துவிடவும் இல்லை, உதவிக்கு வரவும் இல்லை. கடைசியில் சொன்னேன். கதீட்டர், அதாவது சிறுநீரை வடிக்கும் குழாய், போடுகிறேன். தூக்க ஊசி வேண்டாம். ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க அனுப்புகிறேன். அடைப்பு விலகியதும் சிறுநீர் அளவுக்கு மீறிப் போகலாம், அதனால் மணிக்கு ஒரு தடவை அளவும் பி.பி.யும் பார்க்கிறேன். மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமிட்ரிப்டிலினை நிறுத்துகிறேன்.

"ஏன்?"

"சிறுநீர்ப்பைத் தசை சுருங்குறதை அந்த மருந்து தடுக்கும் டாக்டர். இந்த வயசுல புராஸ்டேட்டும் பெரிசா இருக்கும். ரெண்டும் சேர்ந்திருக்கு. வயசானவங்களுக்குக் குழப்பத்தையும் அதுவே கொண்டுவரும்."

"எழுதுங்க. காலையில வந்து நானும் கையெழுத்துப் போடறேன்."

1,100 மில்லி வந்தது. பெரியவர் அரை மணி நேரத்தில் அடங்கி, தலையணையில் சாய்ந்தார். பேச்சு தெளிய மறுநாள் சாயங்காலம் ஆனது, அதையும் சொல்ல வேண்டும். இந்த மாதிரிக் கதைகளில் ஆள் உடனே எழுந்து உட்கார்ந்து நன்றி சொல்வதாக முடிப்பார்கள், அப்படியெல்லாம் நடக்கவில்லை.

ஆனால் நோட்ஸ் எழுத உட்கார்ந்தபோது எனக்குக் கை வரவில்லை. "அமிட்ரிப்டிலினை நிறுத்துகிறேன். காரணம்:" என்று எழுதி, அந்தப் புள்ளிகளுக்கு முன்னால் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணம் தெரியாமல் இல்லை, இப்போதுதானே போனில் சொன்னேன். "நிறுத்துகிறேன்" என்ற சொல்லில் நான் இருக்கிறேனே, அதுதான் தொண்டையில் நின்றது. தவறாக இருந்தால் அது என் தவறு. சீட்டு எதுவும் கையில் இல்லை.

இதைப் படிப்பின் வெற்றிக் கதையாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்றால் அடுத்ததையும் கேளுங்கள்.

அந்தப் பெரியவருக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. சில வாரங்களில், அறுபது கடந்த அம்மா ஒருவர் நடு இரவில் மூச்சிரைப்போடு வந்தார். பழைய ஃபைலில் ஆஸ்துமா என்று இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன், இரண்டு பக்கமும் வீஸிங். ஆஸ்துமா, நெபுலைசேஷன் என்று முடிவெடுத்து, அழகாகக் காரணமும் எழுதினேன். மேற்பார்வை மருத்துவர் வந்தார், என் குறிப்பைப் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலின் தலைப்பக்கத்தை 45 டிகிரிக்கு வைத்து, அந்த அம்மாவின் முகத்தை மெதுவாக ஒரு பக்கம் திருப்பினார். கழுத்து ரத்தக்குழாய் காது மடல் வரை புடைத்துத் துடித்துக்கொண்டிருந்தது. காலில் முன்னெலும்பின் மேல் கட்டை விரலை அழுத்தி எடுத்தார், குழி அப்படியே நின்றது. "இப்ப மறுபடியும் கேளுங்க, அடிப்பக்கம்." வீஸிங்குக்குக் கீழே, மூச்சை இழுக்கும்போது, சன்னமாகப் பொரிகிற சத்தம்.

இதயச் செயலிழப்பு. நுரையீரலில் தண்ணீர். வீஸிங் அதிலும் வரும் என்று நானே வைவாவில் சொல்லியிருக்கிறேன். அதைவிட மோசமான உண்மை ஒன்று இருக்கிறது. அந்தப் பொரியும் சத்தத்தை முதல் தடவையே நான் கேட்டிருந்தேன். ஆஸ்துமா என்ற பெயர் கிடைத்துவிட்டதால் காது அதற்கு மேல் எதையும் ஏற்கவில்லை. அந்த அம்மா விடிவதற்குள் தேறிவிட்டார். தேறாமல் போயிருக்கவும் கூடும்.

சிந்திப்பதில் வரும் பிழைகளைப் பற்றி இந்தப் படிப்பில் தனியாகவே பாடம் இருக்கிறது. அவசரமாகக் கதவைச் சாத்துவது, முதலில் கேட்டதில் நங்கூரம் போட்டு நிற்பது என்றெல்லாம் வகைப்படுத்தி வைத்திருப்பார்கள். அந்த இரவு வரை எனக்கு அவை தேர்வில் எழுதும் பெயர்கள். இப்போது எந்த நோயாளியைப் பார்த்தாலும் மனதில் மூன்று கட்டம் போட்டுக்கொள்கிறேன். எது பெரும்பாலும் இருக்கும், எது இருந்தால் ஆளையே கொண்டுபோகும், எது இருந்தும் நான் கோட்டைவிடுவேன். மூன்றாவது கட்டத்தை நிரப்பத்தான் நேரம் பிடிக்கும்.

அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதும் கட்டுரைகள் வேறு உண்டு. எங்கள் பேட்சில் அதற்கு அழுமூஞ்சிக் கட்டுரை என்று பெயர். "நான் இதை உணர்ந்தேன், அதைக் கற்றேன்" என்று பக்கம் பக்கமாக எழுதச் சொல்வார்கள். அவற்றில் பாதி, மதிப்பெண்ணுக்காக நான் இட்டுக்கட்டிய உணர்ச்சிதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த அம்மாவைப் பற்றி எழுதியதில் மட்டும் இட்டுக்கட்ட எதுவும் இருக்கவில்லை.

ஆய்வுக்கு வந்தால், எல்லாரும் பெரிய பெரிய தலைப்புகளைத் தேடினார்கள். நான் மூச்சு எண்ணிக்கையை எடுத்தேன். எந்த வார்டிலாவது சார்ட்டை வாங்கிப் பாருங்கள். பி.பி. ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கும், நாடித்துடிப்பு மாறியிருக்கும். மூச்சு மட்டும் 20, 20, 20. நானும் எழுதியிருக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் இயந்திரம் இருக்கிறது, இதற்கு ஒரு நிமிடம் நின்று நெஞ்சைப் பார்க்க வேண்டும். ஒரு நர்ஸ் கையில் 20 நோயாளி இருக்கும் இரவில் அந்த ஒரு நிமிடம் எங்கே கிடைக்கும்? ஆனால் அது செய்யும் வேலை என்னவென்று பாருங்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய நியூஸ் என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். 21 ஆனால் 2, 25-ஐத் தொட்டால் 3. மொத்தம் 5 வந்தாலே உடனடியாக ஒருவர் வந்து பார்க்க வேண்டும். ஆக, பழக்கதோஷத்தில் நாம் எழுதும் அந்த 20, பூஜ்யத்தின் கடைசிப் படியில் நிற்கிறது. ஒரே ஒரு எண் கூடினாலும் 2 மதிப்பெண் ஏறியிருக்கும். அதே 2017 திருத்தத்தில்தான் "புதிதாக வந்த குழப்பம்" என்பதையும் சேர்த்து அதற்கு 3 மதிப்பெண் கொடுத்தார்கள். என் பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

என் ஆய்வேடு அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது. அதை எழுதிய நாளிலிருந்து நான் 20 எழுதியதில்லை, எண்ணிப் பார்த்து 20 வந்தால் ஒழிய.

இனி கொஞ்சம் கசப்பு. படித்து முடித்துத் திரும்பிய முதல் வாரத்தில், ஒன்றாக நைட் டியூட்டி பார்த்த தோழி கேட்டாள், "நீ இப்ப எங்க பக்கமா, அவங்க பக்கமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஜூனியர் டாக்டர்களில் ஒருவர் என் முதுகுக்குப் பின்னால் "குட்டி டாக்டர்" என்று சொன்னது காதில் விழுந்தது. இரண்டு பேருக்கும் என்ன பதில் சொல்வது என்று வெகுநாள் தெரியவில்லை. 2000-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த, மண்டிங்கர் குழுவின் ஆய்வை நீட்டலாம். 1,316 நோயாளிகளை நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் மருத்துவர்களுக்கும் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்ததில், ஆறு மாதம் கழித்து உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நல்ல ஆய்வு. ஆனால் அது வெளிநோயாளிகளின் முதல்நிலைப் பராமரிப்பு, ஆறு மாதம். அதைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு ஐ.சி.யு. வாசலில் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தப் பெரியவர் விஷயத்தில் தட்டிப் பார்த்தது படிப்பில் வந்தது. போர்வையை விலக்கி, துணி ஏன் நனைந்திருக்கிறது என்று பார்த்தது? அது 14 வருடம் படுக்கை மாற்றிய கை. தோழியிடம் இதைச் சொன்னேன். "சரி சரி, இப்ப வந்து இந்த அஞ்சாம் பெட்டைப் புரட்ட ஒரு கை குடு" என்றாள்.

இந்தப் படிப்பில் சேர நினைக்கிறவர்கள் எழுதிக் கேட்கும்போது, பாடத்திட்டத்தைப் பற்றி நான் பேசுவதே இல்லை. உங்கள் மேற்பார்வையாளர் யார், அவர் வாரத்தில் எவ்வளவு நேரம் உங்களோடு நோயாளி பக்கத்தில் நிற்பார் என்று கேளுங்கள் என்பேன். பெயருக்குக் கையெழுத்துப் போடுகிறவர் என்றால், எவ்வளவு பெரிய கல்லூரியானாலும் யோசியுங்கள். கற்கும் நேரத்தை டியூட்டி பட்டியலில் எழுதித் தருவார்களா, அல்லது ஆள் பற்றாக்குறை என்று முதல் வாரமே உங்களை வார்டுக்கு இழுத்துக்கொள்வார்களா? முடித்த பிறகு அந்த வேலை உண்மையிலேயே இருக்கிறதா? என் கூடப் படித்த ஒருவர் பட்டத்தோடு திரும்பிப் போனார். அவர் முன்பு பார்த்த அதே வார்டு, அதே ஷிஃப்ட், அதே சம்பளம். மருந்து எழுதுவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்பதையும் விசாரித்துவிடுங்கள். பிரிட்டனில் தகுதி பெற்ற நர்ஸ்கள் 2006 முதல் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் தாமாகவே எழுதலாம், பல நாடுகளில் ஒரு பாராசிட்டமாலுக்கும் வழியில்லை. படிப்பு உங்களை முடிவெடுக்கப் பழக்கிவிடும். பழகிய பிறகு முடிவெடுக்க விடாத இடத்தில் வேலை பார்ப்பது, பழகாமல் இருந்ததைவிடக் கஷ்டம்.

போன மாதம் ஒரு இரவு. அழைப்பு வந்து வார்டுக்குப் போனேன். கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தால், கடைசி வரி இப்படி இருந்தது: "2.40: மேடத்துக்குத் தெரிவிக்கப்பட்டது." மேடம் என்றால் நான்தான்.

எழுதிய பெண் வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். நான் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.

"நீ என்னம்மா நினைக்கிற?"

பேசவில்லை. சார்ட்டைப் பார்த்தாள், நோயாளியைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

"மூச்சு எண்ணினேன் மேடம்" என்றாள். "28. மானிட்டர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு என்னமோ சரியாப் படல."

"ஏன்னு சொல்லு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.